கோபுரம் வேண்டாம், சிட்டை போதும்: சொந்த அடையாளத்திலிருந்து கிராஃபிக் டிசைன் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

டிசைன் படிக்கும் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோவைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அவ்வப்போது வரும். 'உன் அடையாளத்தை வைத்து ஒரு போஸ்டர் செய்' என்று ஒரு பயிற்சி அதில் கட்டாயம் இருக்கும். ஃபைலைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்: கோபுரம் இருக்கும், கோலம் இருக்கும், காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கும் ஓர் இளைஞன் இருப்பான், மூலையில் வாழையிலை. வரைந்த பையன் கடற்கரை ஊர்க்காரனாக இருப்பான். ஜல்லிக்கட்டை டிவியில் மட்டும் பார்த்திருப்பான். கேட்டால், "தமிழ் அடையாளம்தானே சார்" என்பான்.

தமிழ் அடையாளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கோடிக்கணக்கான பேருக்குப் பொதுவான சொத்து. சுற்றுலாத் துறை விளம்பரத்திலும் அதுதான், ஜவுளிக்கடைப் பையிலும் அதுதான். அதில் அந்தப் பையனைக் காணவில்லை. அவன் வீட்டில் வலை பின்னும் ஊசி இருந்திருக்கும், ஏலக்கூடத்துச் சீட்டு இருந்திருக்கும். அதையெல்லாம் 'டிசைனுக்கு ஆகாது' என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பான்.

இந்த வழிகாட்டி அவனைப் போன்றவர்களுக்காக. நான் செய்த ஒரு போஸ்டரையே உதாரணமாக எடுத்து, ஆரம்பம் முதல் அச்சகம் வரை படிப்படியாகச் சொல்கிறேன். சொதப்பிய இடங்களையும் மறைக்கவில்லை. மொத்தம் நான்கு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதில் முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதில்லை.

முதல் படி: வீட்டைத் துழாவுங்கள்

'நான் யார்?' என்று பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். அப்படி யோசித்தால் 'பாரம்பரியம்', 'வேர்கள்', 'தாய்மை' என்று பெரிய பெரிய சொற்கள்தான் வரும். பெரிய சொல்லிலிருந்து வருவது மரத்துக்கு வேர் வரைந்த படம். அதை எத்தனை முறைதான் பார்ப்பது?

சொற்களை விட்டுப் பொருட்களைத் தேடுங்கள். பீரோவின் அடித்தட்டு, சமையலறைப் பரண், டிரங்குப் பெட்டி, அப்பாவின் பழைய பர்ஸ். மொய் நோட்டு, ஜாதகப் புத்தகம், அடகுச் சீட்டு, ரேஷன் கார்டு, மதிப்பெண் பட்டியல், கல்யாணத்துக்குக் கொடுத்த மஞ்சள் பை, மருந்துக்கடைக் கவர், தாத்தாவின் கடைசி மின்கட்டண அட்டை. ஒரு வாரத்தில் முப்பது நாற்பது பொருள் சேர்ந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் வைத்து, நேர் மேலிருந்து படமெடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் பின்னால் அளவு தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: யாருடையது, எதற்குப் பயன்பட்டது. ஆதார் எண், கணக்கு எண் இருக்கும் பக்கங்களைப் பகிர்வதற்கு முன் மறைத்துவிடுங்கள்.

பொறுக்கும்போது எனக்கு இரண்டு விதிகள் உண்டு. 'தமிழ்ப் பண்பாடு' என்று இணையத்தில் தேடினால் முதல் பக்கத்தில் வரக்கூடிய எதையும் எடுக்க மாட்டேன். கொஞ்சம் கூச்சம் தரும் பொருளைக் கண்டிப்பாக எடுப்பேன். நீங்கள் சிறுவயதில் நண்பர்கள் வந்தால் ஒளித்து வைத்தது எது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும்.

என் ஊர் சாத்தூர்ப் பக்கம். எங்கள் தெருவில் காலையில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்க, போவார்கள். மீதிப்பேர் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுவார்கள். அம்மா வீட்டில் ஒட்டியவர். பள்ளிக்கூடத்துக்கு நான் பசை வாசத்தோடுதான் போவேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறேன். டிரங்குப் பெட்டியைத் துழாவியபோது கிடைத்தவற்றில் ஒன்று, அம்மா பெட்டி ஒட்டிய கணக்கை எழுதிய 1997-ம் ஆண்டுச் சிட்டை. உள்ளங்கை அகலம், எண்ணெய்ப் பிசுக்கு, மேலே ஏஜென்ட்டின் கையெழுத்து.

பொருளைப் படமெடுத்தால் போதாது, அதற்குரியவரிடம் பேசவும் வேண்டும். "நம்ம பாரம்பரியத்தப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "இந்தக் கோடு என்னது?", "எண்ணிக்கை தப்பினா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேளுங்கள். செய்முறையைக் கேட்டால் கதை தானாக வரும்.

இரண்டாம் படி: உருவத்தை விட்டு விதியைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

ஒரு பொருளிலிருந்து இரண்டு விதமாக எடுக்கலாம். ஒன்று, அதன் தோற்றம். இன்னொன்று, அது எப்படி உண்டாகிறது என்ற விதி. கோலத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கோலத்தைப் படமெடுத்துப் பின்னணியில் ஒட்டினால் எடுத்தது தோற்றம். 'முதலில் புள்ளி. கோடு எந்தப் புள்ளியையும் தொடாது, சுற்றித்தான் போகும். கிளம்பிய இடத்துக்கே வந்து மூடும்' என்பது சிக்குக் கோலத்தின் விதி. தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1970-களில் கோலங்களைக் கணினிக்கான இலக்கண விதிகளாகவே எழுதிக் காட்டினார்கள். அந்த விதியைக் கையில் எடுத்தால் மெட்ரோ ரயில் வரைபடம் வரையலாம், ஒரு வீட்டுக்குள் யார் யாரைச் சுற்றிப் போகிறார்கள் என்றும் வரையலாம். கோலமாவு ஒரு துளிகூடத் தெரியாது.

பெரிய ஆட்களின் வேலையில் இதைப் பார்க்கலாம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸின் அடையாளத்தைச் செய்த லான்ஸ் வைமன் அமெரிக்கர். மெக்சிகோவின் வீச்சோல் பழங்குடியினர் நூலை வரிவரியாக ஒட்டிப் படம் செய்வார்கள். அவர் அதிலிருந்து மானையும் பறவையையும் எடுக்கவில்லை. ஒரு கோட்டை அடுத்த கோடு அணைத்துக்கொண்டே விரிவதை எடுத்தார். ஐந்து வளையங்களும் 68 என்ற எண்ணும் அப்படியே அலையலையாக விரிந்தன. ஜப்பானின் இக்கோ தனாகா 1981-ல் ஒரு நடன நிகழ்ச்சிக்குச் செய்த போஸ்டரில் நடனக்காரியின் முகம் முழுக்க எளிய வடிவியல் உருவங்கள்தான்.  ஆனாலும் அதை ஜப்பான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் இருக்கிறார். கோயம்புத்தூரில் பிறந்தவர், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். 1963-லிருந்து அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டம், கணக்குக் குறிப்பு, மலையாளம் போலத் தெரிந்தும் வாசிக்க முடியாத எழுத்து வரிகள். சாமி படத்தை அவர் வரைந்திருக்கலாம். அதை விட்டு, ஜோசியர் ஒரு பக்கத்தை எப்படி நிரப்புகிறார் என்பதை எடுத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் நாற்பது பொருட்களையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் கேளுங்கள்: இதற்குள் விதி ஏதாவது இருக்கிறதா? மொய் நோட்டில் இருக்கிறது. பெயர், ஊர், தொகை, முதல் பக்கத்தில் மஞ்சள். வீட்டுக் காலண்டரில் கிழிக்கும் விதி இருக்கிறது. அப்பாவின் கைக்கடிகாரம் எவ்வளவு பாசமான பொருளாக இருந்தாலும் அதில் விதி கம்மி. பாசத்தை மட்டும் வைத்து டிசைன் செய்ய முடியாது, கவிதை வேண்டுமானால் எழுதலாம். மூன்று பொருட்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திரும்பப் பரணில் போடுங்கள்.

மூன்றாம் படி: விதியை வாக்கியமாக எழுதுங்கள்

படம் வரையாமல் எழுத வேண்டும். என் சிட்டைக்கு நான் எழுதியது இது:

ஒரு நாளுக்கு ஒரு வரி. ஒட்டிக் கொடுத்த ஒவ்வொரு குரோஸுக்கும் நீல பால்பாயிண்ட் பேனாவில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. குரோஸ் என்றால் 144 பெட்டி. சரியாக ஒட்டாத பெட்டிகளைக் கழித்தால், எத்தனை கழிவு என்ற எண்ணைச் சுற்றி ரோஸ் கலரில் ஒரு சுழி. வேலை நடக்காத நாளையும் விடக் கூடாது, அந்த வரியில் படுக்கையாக ஒரு கோடு இழுக்க வேண்டும். சனிக்கிழமை கூட்டல், அடியில் இரட்டைக் கோடு.

இதை எழுதி முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சிட்டையில் என் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் நான் இருக்கிறேன். வேலை நடக்காத நாட்களின் படுக்கைக் கோடுகளில் பாதி என்னால் வந்தவை. எனக்குக் காய்ச்சல் வந்த நாள், பள்ளியில் கூப்பிட்டு விட்ட நாள், மஞ்சள் காமாலையில் கிடந்த நாட்கள். அம்மாவின் கணக்கில் நான் சம்பளம் இல்லாத நாட்களாகப் பதிவாகியிருக்கிறேன்.

போஸ்டருக்கான ஐடியா அங்கேயே கிடைத்துவிட்டது. யோசித்து வந்ததல்ல, விதியைப் பொறுமையாக எழுதியதில் வந்தது. உங்களுக்கு முதல் பொருளிலேயே வராமல் போகலாம், அடுத்ததை எழுதுங்கள்.

நான்காம் படி: தபால்தலை அளவில் நாற்பது படம்

சரி, இப்போது பென்சிலை எடுக்கலாம். ஏ4 தாளில் தபால்தலை அளவுக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு முயற்சி. ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். முதல் பத்தும் அரதப்பழசாகத்தான் வரும், வரட்டும். அவை வெளியே வந்தால்தான் அடுத்தவற்றுக்கு இடம் கிடைக்கும்.

என் முதல் பத்து அப்படித்தான் வந்தன. தீப்பெட்டி லேபிள் மாதிரி ஒரு வட்டம், நடுவில் அம்மாவின் முகம், சுற்றிலும் கதிர்கள், கீழே 'சாத்தூர்'. பார்க்க அழகாகவே இருந்தது. நண்பர்கள் உடனே டி-ஷர்ட் போடச் சொன்னார்கள். அந்தப் பாராட்டுதான் எச்சரிக்கை மணி. 1922-ல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாளிலிருந்து இன்று வரை இந்தப் பக்கம் எத்தனை ஆயிரம் லேபிள் அச்சாகியிருக்கும்! ஒரு லேபிள் ஓடினால் அடுத்த மாதமே அதே படத்தைச் சற்றே மாற்றி இன்னொருவர் போடுவார். காப்பியடிப்பதில் ஊறிய ஒரு வடிவத்தை நான் இன்னொரு முறை காப்பியடித்து, அதற்குச் சொந்த அடையாளம் என்று பெயர் வைத்திருந்தேன். அதோடு, அம்மா ஒருநாளும் லேபிளில் இருந்தவர் இல்லை. அவர் இருந்தது பெட்டியின் மடிப்பில், பசையில்.

பதினொன்றாவதிலிருந்து ஒரு சின்ன உத்தி. தாளின் இடப்பக்கம் உங்கள் விதிகளை எழுதுங்கள், வலப்பக்கம் அவற்றோடு சம்பந்தமே இல்லாத விஷயங்களை எழுதுங்கள். உயரம், தூக்கம், பஸ் பயணம், பேசாமல் இருந்த நாட்கள், நகரத்தில் மாறிய வீடுகள். இரண்டையும் குறுக்கே கோர்த்துப் பாருங்கள். 'கழிவுச் சுழி' விதியால் 'மாறிய வீடுகள்' எப்படித் தெரியும்? 'ஒரு நாளுக்கு ஒரு வரி' விதியால் 'தூக்கம்'? பாதிக்கு மேல் உளறலாக வரும். ஆனால் வேறு யாருக்கும் தோன்றியிருக்காத உளறல்.

இருபத்தேழாவது கட்டத்தில் எனக்குப் பிடித்தது வந்தது. ஒரு குரோஸ் 144, அதாவது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பக்கத்தை 144 கட்டமாகப் பிரித்து, சிட்டையின் 144 நாட்களை ஒவ்வொரு கட்டத்திலும் வைப்பது. உழைத்த நாட்களில் நெட்டுக்கோடுகள், என்னால் வேலை கெட்ட நாட்களில் படுக்கைக் கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் நெய்த துணி போல இருக்கும், அதில் இழை அறுந்த இடங்கள் நான். முகமே இல்லாத என் படம்.

ஐந்தாம் படி: எழுத்து

தமிழில் டிசைன் செய்கிறவர்கள் அதிகம் சறுக்குவது எழுத்தில்தான். ஆங்கிலத்தில் அமைத்துப் பழகிய கை, அதே அளவுகளோடு தமிழுக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் பத்து பாயின்ட் அளவு எழுத்துக்கு வரி இடைவெளி பன்னிரண்டு, பதின்மூன்று போதும். தமிழுக்குப் பதினைந்திலிருந்து ஆரம்பியுங்கள். இல்லையென்றால் மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். எழுத்துகளை அகல விரித்து வைக்கும் ஆங்கில அழகும் நமக்கு ஒத்துவராது. 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசமும் தமிழில் கிடையாது. அழுத்தம் வேண்டுமானால் அளவு, தடிமன், நிறம் மூன்றில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும்.

ஃபான்ட்டுக்குப் பஞ்சமில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் இருக்கிறது, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், கவிவனர் இரண்டும் இருக்கின்றன. சாய்ந்த கையெழுத்து வாசம் வேண்டுமென்றால் கவிவனர். ஆனால் அடையாளம் பற்றிய வேலைக்கு முதலில் தேட வேண்டியது உங்கள் வீட்டுக் கையெழுத்துகளை.

நம் வீடுகளில் ஒரு புதையல் இருக்கிறது. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் பயன்படுத்தத் தொடங்கிய வடிவங்கள் அவை. அதற்கு முன் பள்ளியில் எழுதப் பழகியவர்களின் கடிதங்களைத் தேடிப் பாருங்கள். லை, ளை, னை, ணை நான்கும் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் காலைத் தனியாகப் போடாமல் எழுத்தோடு சேர்ந்து சுழிந்து நிற்கும். உங்கள் பாட்டியின் கையெழுத்து எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதை ஒரே ஓர் எழுத்து சொல்லிவிடும். அப்படி ஓர் எழுத்தை ஸ்கேன் செய்து தலைப்பில் வைத்தால் அது பேசும். ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். பத்து இடத்தில் வைத்தால் பழைய காலத்து வேஷம் போட்டதாகிவிடும், இளையவர்களால் வாசிக்கவும் முடியாது.

தலைப்பை வரைந்தே எழுதும் துணிச்சல் வேண்டுமென்றால் ஓவியர் கே.எம். ஆதிமூலம் புத்தகங்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளைத் தேடிப் பாருங்கள். எழுத்து எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. அதைக் காப்பியடிக்காதீர்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் தலைப்பே வைக்கவில்லை. கீழே 'கழிவு போக' என்று மட்டும், சிட்டையில் ஏஜென்ட் எழுதியிருந்த அதே கையெழுத்தில். பயன்படுத்துவதற்கு முன் அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவருக்கு ஒரே ஆச்சரியம், "இதுக்கெல்லாமா கேப்பாங்க?" என்று சிரித்தார். கேட்க வேண்டும்.

ஒரு தொழில்நுட்பத் தொந்தரவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் தமிழ் உடைந்து வந்தால், டைப் அமைப்புகளில் இந்திய மொழிகளுக்கான வசதியை இயக்கி, பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை, அதாவது எழுத்துகளைக் கோத்து வரியமைக்கும் வசதியை, தேர்ந்தெடுங்கள். 'கொ', 'கோ', 'கௌ' மூன்றையும் தட்டிச் சரிபார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஆறாம் படி: நிறம்

'தமிழ் நிறம்' என்று ஒன்று கிடையாது. பொருளில் இருக்கும் நிறத்தை எடுங்கள், அதுவும் இரண்டு போதும். ஸ்கேன் செய்து, மென்பொருளில் நிறத்தை உறிஞ்சி எடுக்கும் ஐட்ராப்பரால் எடுப்பதைவிட, அச்சு மை நிற அட்டையைப் பொருளின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது மேல். நான் பேனா நீலத்தையும் சுழியின் ரோஸையும் எடுத்தேன்.

தென் மாவட்டத்துக்காரர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அங்கே இரண்டு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒரு சாதியின் கயிறாகவோ கொடியாகவோ வாசிக்கப்படலாம். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் வண்ணக் கயிறு கட்டுவதையே தடை செய்யச் சொல்லும் அளவுக்கு அது இருக்கிறது. உங்கள் மனதில் அப்படி ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், பார்ப்பவர் மனதில் இருக்கும். அந்தப் பகுதியில் வளர்ந்த நான்கைந்து பேரிடம், வேறு வேறு தெருக்காரர்களிடம், காட்டிக் கேட்டுவிடுங்கள்.

நம்முடையதல்லாத அடையாளத்தைத் தொடுவதும் இதே போலத்தான். நீலகிரித் தோடர் பழங்குடியினரின் சிவப்பு, கறுப்புப் பூவேலை கண்ணைப் பறிக்கும். அதற்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அது அந்த மக்களின் கைத்தொழில். ஊட்டிக்கு ஒரு முறை டூர் போனது அதை நம் சொந்த அடையாளமாக்கிவிடாது.

ஏழாம் படி: கணினியில் அமைப்பது

இது சுருக்கமான படி. ஐடியா தெளிவாக இருந்தால் ஒரு நாள் வேலை. அச்சகத்தில் கிடைக்கும் தாள் அளவிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் பாதித் தாள் வெட்டில் போகும். கிரவுன் 15-க்கு 20 அங்குலம், டெமி 18-க்கு 23, டபுள் கிரவுன் 20-க்கு 30. நான் கிரவுன் எடுத்தேன். கட்டம் ஒன்றுக்கு ஓர் அங்குலம் வைத்தால் பன்னிரண்டு அங்குலச் சதுரம், மூன்று பக்கமும் ஒன்றரை அங்குலம், கீழே ஆறரை அங்குலம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் 'கழிவு போக'.

கோடுகளை மென்பொருளில் இழுக்கவில்லை. சிட்டையின் பக்கங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக வெட்டி வைத்தேன். ஒன்று போல இன்னொன்று இல்லை. அவசரமாகப் போட்ட கோடு சாய்ந்திருக்கும், மை தீர்ந்த நாளில் பாதி வெறும் கீறல். காப்பி-பேஸ்ட் செய்தால் நேரம் மிச்சம்தான், ஆனால் நாட்கள் எல்லாம் ஒரே நாளாகிவிடும்.

எட்டாம் படி: மூன்று பேரிடம் காட்டுங்கள்

பொருளுக்குரியவர் ஒருவர், டிசைன் தெரிந்தவர் ஒருவர், சம்பந்தமே இல்லாதவர் ஒருவர். விளக்கம் சொல்லாதீர்கள். "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

சம்பந்தமில்லாதவர் "ஏதோ ஜெயில்ல நாள் எண்ணுற மாதிரி இருக்கு" என்றார். மோசமில்லை, எண்ணுதல் போய்ச் சேர்ந்திருக்கிறது. டிசைன் நண்பர் கட்டங்களின் ஓரக்கோட்டை எடுத்துவிடச் சொன்னார். எடுத்ததும் துணி போலத் தெரிந்தது, அவர் சொன்னதுதான் சரி.

அம்மா பிரிண்ட் அவுட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏழாவது வரிசையில் தொடர்ச்சியாக வந்த ஒன்பது படுக்கைக் கோடுகளில் விரலை வைத்து, "இது நீ மஞ்சக்காமாலையில கெடந்தப்ப" என்றார். எனக்கு வேறு யார் பாராட்டும் தேவைப்படவில்லை. அப்புறம் சுழியைக் காட்டி, "ஏய்யா, இது ரோஸு இல்ல. செவப்பு மை. வெளுத்துப் போயிருக்கு, அதைப் போய் ரோஸுங்கிற" என்றார்.

பொருளில் இருக்கும் நிறத்தை எடுக்கச் சொன்னேனே, அந்த அறிவுரை இங்கே உதைத்தது. அன்று இருந்த சிவப்பு உண்மையா, இன்று என் கையில் இருக்கும் ரோஸ் உண்மையா? இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் அச்சுத் தொழிலே வழி காட்டியது. ரோஸ் மையைத் தூக்கிவிட்டுச் சிவப்பு மையைப் போட்டேன். அதே சிவப்பை முழுதாகப் பூசாமல் நாற்பது சதவீத நுண்புள்ளிகளாக அச்சிட்டால் ரோஸாகத் தெரியும், மூன்றாவது மைக்குக் காசு கொடுக்க வேண்டாம். முதல் வரிசையில் சுழிகள் முழுச் சிவப்பு, கீழே வர வர வெளுத்து ரோஸ்.

ஒன்பதாம் படி: அச்சகம்

இரண்டு நிற ஆஃப்செட் அச்சுக்குச் சிவகாசியைவிட வாகான ஊர் இல்லை. ஃபைலைக் கொடுக்கும்போது எழுத்துகளை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி, இரண்டு ஸ்பாட் கலர் (தனி மை) மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, சுற்றிலும் வெட்டுக்காக மூன்று மில்லிமீட்டர் பிளீட் விட்டு, கூடவே ஒரு பிடிஎஃப். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாமல் போனது வேறு.

பழைய தீப்பெட்டி லேபிள்களில் ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காராமல் மயிரிழை விலகி நிற்கும். நிறங்கள் இப்படிப் பொருந்துவதைத்தான் அச்சகத்தில் ரிஜிஸ்டர் என்பார்கள். என் போஸ்டரிலும் நீலமும் சிவப்பும் அப்படி விலகியிருக்க வேண்டும் என்று ஆசை. ஃபைலில் எல்லாம் நேராகவே வைத்துவிட்டு, மெஷின்காரரிடம் வாயால் சொன்னேன்: "அண்ணாச்சி, ரிஜிஸ்டர் ஒரு மில்லிமீட்டர் வெலகி இருக்கட்டும்." சரி தம்பி என்றார். டீ குடித்துவிட்டு வந்தபோது முந்நூறு தாள் ஓடி முடிந்திருந்தது. நீலமும் சிவப்பும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. "வெலகி இருந்துச்சு தம்பி, நாந்தான் சரி பண்ணேன்" என்றார். முப்பது வருஷம் ரிஜிஸ்டர் பிடித்த கை அது. விலக்கச் சொன்னால் எப்படி விலக்கும்?

வேண்டுமென்றே செய்கிற பிசகு எதுவாக இருந்தாலும் அதை ஃபைலுக்குள்ளேயே வையுங்கள். ரிஜிஸ்டர் குறிகள் நான்கும் நேராக இருக்கட்டும், படத்தை மட்டும் நகர்த்துங்கள். மாதிரித் தாளில் 'இந்த விலகல் வேண்டும்' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மெஷின் ஓடும்போது டீ குடிக்கப் போகாதீர்கள்.

நான் அச்சுத் தகட்டை மாற்றி மறுபடி ஓட்டினேன். முதல் முந்நூறு தாளுக்கும் காசு என் கணக்கில்தான். அதில் ஒரு கட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா அதைச் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டார், அச்சடித்த பக்கம் கீழே இருக்கும்படி. வெள்ளைப் பக்கத்தில்தான் அழுக்கு தெரியுமாம்.